இரண்டு என்று போட்டேன்

2005 ஜனவரியில் நான் தூத்துக்குடியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மனோதத்துவத்தில் ஒரு பாடமும் படித்ததில்லை. ஆனாலும் அந்த மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மனோதத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்டேன். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஜனங்களின் மனநிலையை அளக்க வந்திருந்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த, திரேஸ்புரத்துப் பேச்சு புரிகிற, சைக்கிள் வைத்திருக்கிற ஒரு பையன் அவருக்குத் தேவைப்பட்டான். ஃபாரம் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்றார். பணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மனிதர்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாவல்களின் துணையின்றி நேராகத் தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டதாக நம்பினேன்.

ஃபாரத்தில் 22 கேள்விகள். ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவரும் சகாக்களும் 1979இல் 15 கேள்விகளோடு தயாரித்தது. 1997இல் வேறு இருவர் திருத்தி 22 ஆக்கினார்கள். விபத்தோ யுத்தமோ மரணமோ, எதுவானாலும் சரி, அதன் நினைவு கடந்த ஏழு நாட்களில் ஒருவரை எவ்வளவு வருத்தியது என்பதற்கு 0 முதல் 4 வரை ஓர் எண் போட வேண்டும். கேள்விகளைத் தமிழாக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. உணர்ச்சி மரத்துப்போவது பற்றி ஒரு கேள்வி. அதை எப்படிக் கேட்பது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, 'மனசு மரத்துப் போச்சா?' என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று எனக்கு அப்போது பெருமை.

முதல் ஞாயிறே பெருமை போயிற்று. வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி கையை நிறுத்தி, "காலு மரத்துப் போவும். மனசு எப்பிடி எய்யா மரத்துப் போவும்?" என்றாள். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் அந்த ஆராய்ச்சியில் நடந்த ஒரே நிஜமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தூத்துக்குடி பெரும்பாலும் தப்பித்தது. இலங்கை மறைத்து நின்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, எங்களூரில் கடல் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் பயம் தப்பவில்லை. டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வரலாமென்று அரசு எச்சரிக்கை வந்து, அலை வராமலே போனது. அதன் பிறகு வதந்திகளுக்குக் கணக்கில்லை. வந்தது பௌர்ணமியன்று, ஆகவே அடுத்த பௌர்ணமிக்கும் வரும் என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, அது ஓர் அடையாளம் என்றார்கள். இதையெல்லாம் எழுத ஃபாரத்தில் இடமில்லை. நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றித்தான் அதன் கேள்விகள். வரப்போவதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

"அத நெனச்சு தூக்கம் கெடுதா ஆச்சி?"

"வந்துருந்தா, வந்துட்டுப் போயிருச்சுன்னு இருப்பேன் எய்யா. வரல்லயே. அதான் தூக்கம் இல்ல."

எந்த எண்ணைப் போடுவது? அவளுக்கு எதுவும் நடக்கவில்லை என்றால் 0. தூக்கமே இல்லை என்றால் 4. நடுவில் இரண்டு என்று போட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு வீடு பாக்கி.

பேங்கில் குமாஸ்தாவாகி நான்காவது வருஷம், மாற்றலாகிப் போன ஊரில், பழைய புத்தகக் கடையொன்றில் ஃபெஸ்டிங்கரின் 1957ஆம் வருஷத்துப் புத்தகம் அகப்பட்டது. அறிதல் முரண் என்ற கோட்பாட்டை முன்வைத்த நூல். தன் யோசனைக்கு முதல் பொறி எங்கிருந்து கிடைத்தது என்று அவர் முன்னுரையில் சொல்கிறார்: 1934 ஜனவரி 15இல் நடந்த பீஹார் பூகம்பம். அதையொட்டிப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்பவர் சேகரித்து 1935இல் வெளியிட்டிருந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் காணாத ஜனங்களிடையே, இதைவிடப் பெரிய நாசம் வரப்போகிறது என்ற பேச்சுத்தான் அதிகம். பயந்து கிடப்பவர்கள் ஏன் மேலும் பயத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை, ஏற்கனவே இருக்கும் பயத்துக்கு ஒரு நியாயம் தேடித் தருகிறது என்பது ஃபெஸ்டிங்கரின் பதில். டார்ஜீலிங் நிலச்சரிவைப் பற்றி துர்கானந்த் சின்ஹா 1952இல் எழுதியதையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அங்கே ஜனங்கள் அழிவைக் கண்ணால் கண்டார்கள். வரப்போகும் நாசம் பற்றிய வதந்தி எழவில்லை.

புத்தகத்தை மூடிவைத்தேன். இதைத்தானே ஆச்சி என்னிடம் ஒரு மூச்சில் சொன்னாள்?

பூகம்பம் நடந்த அந்த ஜனவரியில் காந்தி ஹரிஜன யாத்திரையில் எங்கள் பக்கம் இருந்தார். அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தூத்துக்குடியும் அப்போது அந்த ஜில்லாதான். தாகூர் அதை எழுத்தில் மறுத்தார். தாகூர் சொன்னதுதான் சரி. ஆனால் உள்ளே முன்பே இருந்த தவிப்பு ஒன்று, வெளியே நடந்த நிகழ்ச்சியைத் தனக்கு நியாயமாக எடுத்துக்கொண்டதை அவரது பேச்சில் பார்க்கிறேன். பயமோ தவிப்போ, முதலில் வந்துவிடுகிறது. கதை பின்னால் வருகிறது.

என்னை உறுத்துவது வேறு. பிரசாத் ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடி குறித்து வைத்தார். அதனால்தான் இருபத்திரண்டு வருஷம் கழித்து, பீஹாரைப் பார்த்திராத ஓர் அமெரிக்கரால் அந்தப் பேச்சுகளில் வேறொன்றைப் படிக்க முடிந்தது. நான் குறித்து வைத்தது 'இரண்டு'. அதை எடுத்து எவர் எத்தனை வருஷம் யோசித்தாலும் ஆச்சி கிடைக்க மாட்டாள்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. பிறகு நான் விமர்சனம் எழுத வந்தபோது கையோடு ஒரு ஃபாரத்தைத்தான் கொண்டுவந்தேன். படிமம் உண்டா, இருண்மை எவ்வளவு, அந்நியமாதல் எத்தனை என்று கவிதைகளிடம் கேட்டு எண் போட்டேன். நம் வட்டத்தில் பலரிடமும் அந்த ஃபாரம் இருக்கிறது. கேள்விகள்தான் அவரவருக்கு வேறு. கவிதை நம்மைத் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. அளப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. ஃபெஸ்டிங்கர் இல்லாவிட்டால் ஆச்சி சொன்னது எனக்கு விளங்கியிருக்காது. ஆனால் சொன்னதை முதலில் காப்பாற்றி வைக்க வேண்டும். அளவுகோல் பிறகு வரட்டும்.

ஃபாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு பேராசிரியர் ஊருக்குப் போனார். கட்டுரை வெளிவந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் ஓர் அங்குலம் ஓரம் விட்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேனாவும் கையில்தான் இருந்தது.