மாமாவின் நான்கு டயர்கள்

செருப்பு வாங்கப் போகிறவன் கடையிலேயே நாலடி நடந்து பார்க்கிறான். குடை வாங்கப் போகிறவன் விரித்துப் பார்க்கிறான். டயர் வாங்கப் போகிறவன் மட்டும் விலையைக் கேட்டுவிட்டு, "இருக்கிறதே இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று வீடு திரும்பி விடுகிறான். நானும் சென்ற வருஷம் வரையில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் எனக்கு இவ்விஷயத்தில் உபாத்தியாயராக வாய்த்தது, என் மாமாவின் பழைய மோட்டார் வண்டிதான்.

சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர் கட்டிய கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்பை அடுத்தாற்போல் மாமாவின் வீடு. கொல்லைக் கொட்டகையில் அந்த வண்டி நிற்கிறது. எம். ஜி. டி. ஸி. என்று அதற்குப் பெயர். 1945 முதல் 1949 வரையில் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் சுமார் பதினாயிரம் வண்டிகள் செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். சக்கரங்கள் சைக்கிள் சக்கரத்தைப் போல் கம்பிகளால் பின்னியவை. உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பவை. மாமா இதை 1969-ல் வாங்கினார். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்க இதில் போய் வந்த கதையை அவர் ஆரம்பித்தால், அத்தை மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டவள்.

சென்ற வருஷம் மாமாவுக்கு ஆயிரம் பிறை கண்ட விழா நடந்தது. பந்தியெல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"எனக்கு ஒரே ஓர் ஆசை, அப்பா. இந்த வண்டியில் மாமல்லபுரம் வரையில் ஒரு தடவை போய்வர வேண்டும். நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்."

மறுக்க மனம் வருமா? மெக்கானிக் வந்து ஒரு வாரத்தில் எஞ்சினை உயிர்ப்பித்தார். ஆனால், போகும்போது ஒரு டயரைக் கையால் தட்டி, "இதை ஒரு தரம் பாருங்க, ஸார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். பட்டன் சிறிதும் தேயவில்லை. புத்தம் புதியது போலவே இருந்தது. "ஆயிரம் மைல் கூட ஓடாத டயர்!" என்றார் மாமா பெருமையுடன். ஆனால் பக்கச் சுவரை விரலால் அழுத்திய போது, கோடையில் வறண்ட ஏரியின் தரையைப் போல் நுண்ணிய வெடிப்புகள் கண்ணுக்குப் பட்டன.

டயரின் பக்கத்தில் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது என்பது அநேகருக்குத் தெரியாது. 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது என்று பொருள். மாமாவின் டயரிலோ மூன்றே இலக்கங்கள்: 237. ஏழில் முடியும் ஏதோ ஒரு வருஷத்தின் 23-வது வாரம்! எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லவில்லை. மாமாவின் ஞாபகம் சொல்லிற்று: 1987. ஒரு சிநேகிதர் சீமையிலிருந்து தருவித்துக் கொடுத்தாராம்.

ஓடாத டயர் கெடுவானேன்? ரப்பரைக் காற்றிலுள்ள பிராணவாயுவும், ஓஸோனும், வெயிலும் ஓயாமல் தின்றுகொண்டே இருக்கின்றன. இதைத் தடுக்கத்தான் டயருக்குள் ஒருவித மெழுகைக் கலந்து வைக்கிறார்கள். சக்கரம் சுழன்று ரப்பர் வளைந்து நிமிரும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பாற்றும். நின்ற இடத்திலேயே நிற்கும் டயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே, ஓடித் தேய்வது ஒரு முடிவு என்றால், ஓடாமல் உலர்வது மற்றொரு முடிவு.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. "தேயாத பொருளை வயசாகிவிட்டது என்று தூக்கி எறியச் சொல்கிறாயே!" என்றார். அவர் டயரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் செங்கல்பட்டுக்குப் போனேன். நம் நாட்டில் டயருக்குப் பஞ்சமா, என்ன? ஸாஹாகஞ்சில் 1936-லேயே டயர் ஆலை எழும்பியது. 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்து கொண்டிருந்த எம். ஆர். எஃப். இன்று உலகமெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. எங்கள் பக்கத்து ஒரகடத்திலேயே பெரிய டயர் ஆலை இருக்கிறது. எனவே, சுதேசி டயராகவே வாங்கிவிடலாம் என்று உற்சாகமாய்ப் போனேன். மாமாவின் வண்டிக்கு வேண்டிய அளவு 4.50-19. இந்த ஒல்லி டயர் எந்தக் கடையிலும் அகப்படவில்லை.

ஒரு கடைக்காரர் நல்ல மனத்துடன் புல்லட் மோட்டார் சைக்கிளின் டயரை எடுத்துப் போட்டார். "இதுவும் 19 அங்குலந்தான், ஸார். பேஷாய் ஏறும்." விலையும் சகாயம். அதன் பக்கத்தில் 57 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணுக்கு, டயர் ஒன்று 230 கிலோ தாங்கும் என்று அர்த்தம். கடையிலேயே கணக்குப் போட்டேன். வண்டி ஏறக்குறைய 800 கிலோ. மாமாவும் நானும் 140. மொத்தம் 940. நான்கால் வகுத்தால் சக்கரத்துக்கு 235. ஐந்து கிலோதானே என்று எண்ணலாம். ஆனால் அது நிற்கும்போது உள்ள பாரம். பிரேக் போட்டால் பாரம் முன்னே சாயும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். மேலும், மோட்டார் சைக்கிள் வளைவில் தானே சாய்வதால் அதன் டயர் உருண்டையாய்ச் செய்யப்பட்டது. சாயாத மோட்டார் வண்டிக்கோ, பக்கவாட்டில் இழுபட்டாலும் தாங்கும் தட்டையான டயர் வேண்டும்.

மாட்டு வண்டிக்கான டயரும் 19 அங்குலத்தில் உண்டு என்றார் மற்றொருவர். காளையின் வேகத்துக்குச் செய்த டயரை இதில் மாட்டுவது எப்படி? "ரேடியல் போட்டால் என்ன?" என்றார் மூன்றாமவர். ரேடியல் டயருக்கு மிஷ்லின் கம்பெனியார் 1946-ல் உரிமை பெற்றார்கள். சாலையை நன்றாய்ப் பிடிக்கும்; நெடுநாள் உழைக்கும். அந்தப் பிடிப்பே இங்கே இடைஞ்சல். நைலான் என்று கடைக்காரர்கள் சொல்லும் குறுக்கு இழை டயரை எண்ணிப் பின்னிய பழைய கம்பிச் சக்கரத்துக்கு அது அதிகச் சிரமம் கொடுக்கும். கடல் உப்பு அரித்த கம்பிகளை நம்பி அந்தப் பரீட்சையில் இறங்க எனக்குத் துணிவில்லை.

மிஞ்சிய வழி ஒன்றே: பழைய அச்சில் இன்றும் வெளிநாட்டில் வார்க்கும் குறுக்கு இழை டயரைத் தருவிப்பது. நான்குக்கும் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது விலை. "இருக்கிறதையே மாட்டு. பதினைந்து கிலோமீட்டர்தானே!" என்றார் மாமா.

நானும் சபலப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டது. என் மாணவ மாணவிகள் இருவர் மூவராய்ச் சைக்கிளில் சாலையோரம் போய்க்கொண்டிருந்தார்கள். அதே சாலையில்தான் நாங்கள் போகவேண்டும். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்குமோ! டயர் வண்டிக்காரனுக்காக மட்டும் வாங்கும் பொருள் அல்ல; எதிரே வருகிறவனுக்காகவும் வாங்குவது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இதையே மாமாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், எழுந்து போய்த் தம் செக் புத்தகத்தை எடுத்து வந்தார். "பாதி என்னுடையது" என்றார்.

டயர்கள் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. பழையதைக் கழற்றியபோது, துருவேறிய மூன்று கம்பிகள் கையோடு வந்தன. அவற்றையும் மாற்றி, கம்பி முனைகள் உறுத்தாமல் ரிம்முக்குள் பட்டை கட்டி, புது டியூபும் போட்டோம். கம்பிச் சக்கரத்தில் காற்று துளை வழியே போய்விடும் ஆதலால் டியூப் அவசியம்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டோம். ஸ்டீயரிங் இப்படியும் அப்படியும் சிறிது அலைந்தது. நான் இறுக்கிப் பிடித்தேன். "கெட்டியாய்ப் பிடிக்காதே, அப்பா. இந்த டயரின் சுபாவமே அப்படி. விட்டுப் பிடித்தால் தானே நேராய்ப் போகும்" என்றார் மாமா. அப்படியே போயிற்று. கடற்கரைக் கோயில் கண்ணில் பட்டபோது அவர் சோழவரத்துக் கதையை ஆரம்பித்தார். நான் முதல் தடவை கேட்பவனைப் போல் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

பழைய டயர்களில் ஒன்றை அறுத்து வகுப்புக்குக் கொண்டுபோய், உள்ளே இழைகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுவதைக் காட்டினேன். பிறந்த தேதியைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தேன். மறுநாள் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாவற்றின் எண்களையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"ஸார், வாசலில் நிற்கிற உங்க மோட்டார் சைக்கிளையும் பார்த்தேன். பின் டயரில் 1412 என்று இருக்குது, ஸார்."

அன்று மாலை நான் அதைத் தள்ளிக்கொண்டே டயர் கடைக்குப் போனேன்.