மொட்டை மாடிக்கு முதல் பணம்

ஜனவரி 18

பொங்கல் கழிந்ததும் நாள் பார்த்துக் கடைக்கால் தோண்டுகிற பருவம் இது. சாமான்களைத் தாமே வாங்கி, கூலிக்கு மட்டும் மேஸ்திரியிடம் பேசி, கூடவே நின்று கட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த ரூபாய் எங்கே போக வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். தொல்லையும் அதுதான். வீடு வெக்கை இல்லாமல் இருக்க வேண்டும், கரண்ட் பில்லும் குறைய வேண்டும் என்று விசாரித்தால் கிடைக்கிற பதிலெல்லாம் கடையில் விற்கிற பொருளாகவே இருக்கிறது: இன்வெர்ட்டர் ஏசி, சோலார் பேனல், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஏஏசி என்கிற நுரைக் காங்கிரீட் பிளாக். எதுவும் கெட்ட பொருள் இல்லை. வாங்கும் வரிசைதான் தப்பு. கையில் இருக்கிற பணம் ஓர் அளவோடு நிற்கும்போது ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதை ஐந்து வருஷம் கழித்தும் இதே செலவில் செய்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் அது காத்திருக்கட்டும். முடியாது என்றால் மற்ற ஆசைகளை நிறுத்திவிட்டு அதற்குத்தான் இப்போது பணம். ஏசியும் பேனலும் எப்போது வேண்டுமானாலும் வரும். வீடு பார்க்கிற திசை, ஜன்னல் இருக்கிற பக்கம், சன்ஷேடின் நீளம், ஓட்டுக்கு அடியில் போடுகிற அடுக்கு ஆகியவை ஒரு தடவைதான் வரும்.

ஜனவரி 27

தமிழ்நாட்டு வெயில் எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் கோடு போடுமுன் பார்த்துவிட வேண்டும். சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் மதிய வெயில் நேர் உச்சியில் நிற்கிறது. மதுரைக்கு ஏப்ரல் நடுவில், மறுபடி ஆகஸ்ட் கடைசியில். ஆக, கோடையில் மதிய வெயிலை வாங்குவது சுவர் இல்லை, கூரை. தெற்குச் சுவரில் வெயில் படுவது பெரும்பாலும் மார்கழி, தையை ஒட்டிய மாதங்களில்தான். அப்போதும் சென்னையில் மதிய வெயில் சுமார் 53 டிகிரி உயரத்தில் இருப்பதால், மூன்றடி நீட்டிய சன்ஷேட் நான்கடி ஜன்னலை முழுக்க மறைத்துவிடும். வழக்கமான ஒன்றரை அடி சன்ஷேட் இரண்டடியோடு நின்றுவிடும். மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. சித்திரை மாதத்தில் மாலை நான்கு மணிக்கு வெயில் ஏறத்தாழ 30 டிகிரிக்கு இறங்கியிருக்கும். இரண்டடி சன்ஷேட் அங்கே ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் தரும், அவ்வளவுதான். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடை நீட்டிக்கொண்டே போவது வீண் செலவு. ஜன்னலையே சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் ஜாலியோ மூங்கில் தட்டியோ மரமோ நிற்க வேண்டும். உள்ளே திரைச்சீலை போட்டால் கண் கூசாது. ஆனால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அந்தத் திரை மறைத்து என்ன பயன்?

வாஸ்து பார்க்கிறவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். குடும்பத் தலைவருக்குக் குபேர மூலை, அதாவது தென்மேற்கு. வீட்டிலேயே மாலை வெயில் அதிகம் வாங்குகிற மூலை அதுதான். நம்பிக்கையோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. படுக்கையறை அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காமல் முழு நீளத்துக்கு அலமாரியும் லாஃப்டும் அடித்து, காற்றுக்குத் தெற்கில் நல்ல சன்ஷேடோடு ஜன்னல் வைத்தால் சாஸ்திரத்துக்கும் குறைவில்லை, தூக்கத்துக்கும் குறைவில்லை. அலமாரி எப்படியும் செய்யப்போகிற செலவு. இடம் மாறுகிறதே தவிரத் தொகை மாறவில்லை.

பிப்ரவரி 9

கூரையைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. இருபத்தைந்துக்கு நாற்பது அடித் தரைத்தள வீட்டில் ஆயிரம் சதுர அடிக் கூரையும் நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது. சுவர்களில் பாதி எப்போதும் நிழலில். நகரத்து மனையில் பக்கத்து வீடு நாலடி தள்ளி நிற்பதால் அந்தச் சுவரில் வெயில் படுவதே அபூர்வம். ஐந்து அங்குல காங்கிரீட் வெப்பத்துக்குப் பெரிய தடை இல்லை. மேற்புறம் 60 டிகிரியைத் தொட்டு, அறைக்குள் 30 இருந்தால், பத்துக்குப் பன்னிரண்டு அறையின் வெறும் தளம் வழியாக உச்ச வேளையில் இறங்குகிற வெப்பம் ஆயிரம் வாட்டை ஒட்டி வரும். தலைக்கு மேல் ஒரு ரூம் ஹீட்டரை மாட்டிவிட்டு அதற்குக் கீழே மின்விசிறியைச் சுழலவிடுவது போன்ற ஏற்பாடு இது. காங்கிரீட் அந்தச் சூட்டை நான்கைந்து மணி நேரம் தாமதித்துத் தருவதால், வெயில் தாழ்ந்து வெளியே காற்று குளிர்ந்த பிறகுதான் சீலிங் கொதிக்கிறது. மேல்மாடியில் இரவு ஒன்பது மணிக்கு இருக்கிற புழுக்கத்துக்குக் காரணம் இதுதான்.

நம்முடைய பழைய வழக்கத்திலேயே இதற்குப் பாதி மருந்து இருக்கிறது. காங்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் கொட்டி, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். வெதரிங் கோர்ஸ் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, நாள்கணக்கில் அடிக்கப் பெண்களை வரிசையாக உட்காரவைத்த காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலும் சிமெண்ட் கலவையை இரண்டு அங்குலம் பூசி, வழவழப்பான டைலை ஒட்டிவிட்டு ‘கூலிங் டைல்ஸ்’ என்கிறார்கள். டைல் வெள்ளையாக இருக்கிறவரை அதற்குப் பலன் உண்டு. அடியில் தடுப்பு ஒன்றும் இல்லை என்பதே குறை.

எவ்வளவு தடுத்தால் போதும்? மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரையின் யு-மதிப்புக்கு 1.2 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கிற வாட் எத்தனை என்பதுதான் யு-மதிப்பு. எண் சிறிதானால் வீடு குளிர்ச்சி. பாடப்புத்தக மதிப்புகளை வைத்துக் கூட்டினால், காங்கிரீட்டும் நான்கு அங்குலச் செங்கல் ஜல்லியும் தட்டோடும் சேர்ந்த கூரை 2.2 அளவில் நிற்கிறது. பழைய முறையை அப்படியே செய்தாலும் வரம்பைத் தொட முடியவில்லை. ஆனால் காங்கிரீட்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டி நுரைப்பலகையை ஓரங்குலம் விரித்தால் 0.8க்குக் கீழே இறங்கிவிடுகிறது. இன்னோர் அங்குலம் சேர்த்தால்? 0.5க்குச் சற்றுக் குறையும். முதல் அங்குலம் தந்த லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இரண்டாவது தருகிறது. ஆகவே ஓரங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வேறு வேலைக்குத் திருப்புவதே கெட்டிக்காரத்தனம். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் குடியேறிய முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ (எரிசக்தி மிகக் குறைவாகச் செலவாகிற) வீடுகளில் வெப்பத்தடுப்பு மிகத் தடிமனாக இருப்பதைக் காட்டி, நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பவர்கள் உண்டு. அங்கே குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம். இங்கே ஏசி ஓடுகிற அறையிலும் வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் வித்தியாசம் 15 டிகிரியைத் தாண்டுவது அரிது. நமக்குப் பகை குளிர்காற்று இல்லை, நேர் வெயில். இரட்டைக் கண்ணாடி ஜன்னலைப் பட்டியலிலிருந்து அடிக்கவும் இதே காரணம் போதும்.

பலகை போட்டால் தளம் ஒழுகும் என்று ஒரு மறுப்பு வரும். ஒழுகுவது பலகையால் இல்லை, வாட்டம் சரியில்லாததாலும் கைப்பிடிச்சுவர் அடியில் மூலை பூசாததாலும்தான். நீர்த்தடுப்புப் பூச்சை முதலில் காங்கிரீட்டின் மேல் அடித்து, தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு பலகையை விரிக்க வேண்டும். வரிசை மாறினால்தான் வம்பு. ‘பிற்பாடு மேலே இன்னொரு மாடி எடுப்போமே, அப்போது இது வீண்தானே’ என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமானது. ஓரிரு வருஷத்தில் மாடி நிச்சயம் என்றால் பலகை வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். ‘எப்போதாவது’ என்றால் பலகை போடுங்கள். எப்போதாவது கட்டப்போகிற மாடிக்குக் கம்பியை நீட்டி வைத்து, அது துருப்பிடித்து நிற்கிற வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு.

பிப்ரவரி 11

வெள்ளையடிப்பு பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மொட்டை மாடியில் அடிப்பது எல்லோருக்கும் தெரிந்த மலிவு வழி. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும் என்பதால் மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். கட்டும்போது பணம் போதவில்லை என்றால் கூரை வேலைகளில் தள்ளிப்போடத்தக்கதும், தள்ளிப்போட்டாலும் கெடாததும் இது ஒன்றுதான். அகமதாபாத்தும் தெலங்கானாவும் குளிர்கூரையைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது இந்த மலிவை நம்பித்தான்.

பிப்ரவரி 23

சுவருக்கு வருவோம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (ராட் டிராப் பாண்ட்) செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்று இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பதங்குலச் சுவரில் செங்கல் சுமார் கால்பங்கு மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது, இடைவெளி வெப்பத்தையும் தடுக்கிறது. காகிதத்தில் இதை மறுக்க முடியாது. வேலையிடத்தில் இரண்டு தடைகள். ஒன்று, நாட்டுச் செங்கல் ஒரே அளவில் வருவதில்லை. சூளைக்குச் சூளை மாறும், ஒரே லோடிலும் மாறும். ஒரே அளவில் வரும் சேம்பர் செங்கல் வாங்கினால்தான் கட்டு நிற்கும். இரண்டு, பழக்கமில்லாத கொத்தனார் வேகம் குறைந்து, செங்கல்லில் மிச்சமானது கூலியில் கரைந்துவிடும். பழகிய ஆள் கிடைத்தால் வீடு முழுக்கச் செய்யலாம். கிடைக்காவிட்டால் அடம்பிடிக்க வேண்டாம். மேற்குச் சுவரை மட்டும் ஏஏசி பிளாக்கில் எழுப்பி மற்றதைச் சாதாரணச் செங்கல்லில் முடித்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் ஏஏசி போட்டுவிட்டுக் கூரையை வெறுமனே விடுகிறவர்கள் நிழலில் நிற்கிற சுவருக்குக் குடை பிடிக்கிறார்கள்.

‘தாத்தா வீடு எப்படிக் குளுகுளுவென்று இருந்தது, மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டினால் போதாதா’ என்பவர்களுக்குப் பாதிதான் தலையாட்ட முடியும். செட்டிநாட்டு வீடு குளிர்ந்ததற்குத் தடித்த சுவர் மட்டும் காரணமில்லை. உயர்ந்த கூரை, அடுக்கடுக்கான ஓடு, முற்றம், தாராளமான மனை எல்லாம் சேர்ந்த பலன் அது. அரை கிரவுண்டில், 1200 சதுர அடியில், அந்தச் சுவரை மட்டும் பெயர்த்து வைத்தால் அறைதான் சுருங்கும். இன்னொன்று, தடித்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டுவிட வெளிக்காற்று நன்றாகக் குளிர வேண்டும். வேலூரிலும் மதுரையிலும் அது ஓரளவு நடக்கும். கடலோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் குறைவு. அங்கே காற்றோட்டம்தான் மருந்து.

மார்ச் 8

காற்றோட்டம் என்றால் ஜன்னல் எத்தனை பெரிது என்பதில்லை, எவ்வளவு திறக்கிறது என்பது. அதே சம்ஹிதா புழுக்கமான கடலோரப் பகுதிகளுக்குத் திறக்கும் பரப்பு தரையில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வீடு மொத்தத்துக்குச் சொன்ன அளவை 120 சதுர அடி அறைக்குப் பொருத்தினால் 20 சதுர அடி. நாலுக்கு நாலு யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதாவது எட்டு. அதே அளவில் இரண்டு கதவும் விரிகிற ஜன்னல் போட்டால் கிட்டத்தட்டப் பதினாறு. கொசுவலை காற்றைக் குறைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தால் ஸ்லைடிங்கின் கதை இன்னும் மோசம். சென்னைக்கு மதியக் கடற்காற்று கிழக்கிலிருந்து. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து. கோவைக்காரர் மேற்கை அடைத்தால் வெயிலோடு காற்றும் போய்விடும். அவருக்கு வெளிப்பக்க ஜாலிச் செலவு தப்பாது.

மார்ச் 21

கடைசியில் கரண்ட். ‘இவ்வளவு எதற்கு? சோலார் போட்டு ஏசியை ஓட்டிவிட்டால் முடிந்தது’ என்பதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் தருகிறது, பேனலின் நிழலே கூரையைக் காக்கும். எல்லாம் உண்மை. ஆனால் 3 கிலோவாட் ஏறத்தாழ 300 சதுர அடியைத்தான் மறைக்கும், மிச்சம் 700 அடி வெயிலில். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு மின்வெட்டின்போது தானும் அணைந்துவிடும். மே மாத இரவில் கரண்ட் போனால் ஏசியும் இல்லை, பேனலும் இல்லை. கூரையில் பலகை போட்டிருந்தால் சூடேறாத சீலிங் மட்டும் இருக்கும்.

பில்லின் கணக்கும் கூரைக்கே சாதகம். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் மலிவான முதல் படி பறிபோய் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கட்டணம் பிறகு ஏறியிருக்கிறது. நடுத்தர வீடுகள் பல இந்த விளிம்பில்தான் நிற்கின்றன. கூரை சூடேறாவிட்டால் பல இரவுகளில் ஏசி இல்லாமல் விசிறியே போதும், அதிலும் சிக்கனம் உண்டு. சாதாரண மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி விசிறி 30 வாட்டை ஒட்டி. நாலு விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்கு மேல் மிச்சம். விளிம்பைத் தாண்டாமல் இழுத்து நிறுத்த அதுவே போதும்.

பேனல் பிறகு வரட்டும், அதற்கு வழி மட்டும் இப்போதே. மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயைச் சுவர் பூசுமுன் பதித்துவிட வேண்டும். பூசிய சுவரைக் கொத்துவது இரட்டைச் செலவு. மேல்தொட்டி வாஸ்துப்படி தென்மேற்கில் ஏறினால் அதன் மாலை நிழல் கிழக்கேயும் வடகிழக்கேயும் நீளும். அந்த இடத்தைத் துணி காயப்போட விட்டுவிட்டுத் தென்கிழக்கில் பேனலுக்கு முந்நூறு அடி ஒதுக்கலாம். மேஸ்திரியோடு எழுதுகிற ஒப்பந்தத்தில் குழாயின் விட்டம், பலகையின் கனம், ஜல்லியின் அங்குலம் மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும். ‘வெதரிங் கோர்ஸ் உட்பட’ என்று மட்டும் எழுதினால் இரண்டு அங்குலமும் அதில் அடங்கிவிடும்.