பெண்கல்வியும் பெருவுலகும்

ஐயப்பன்தாங்கலில் நாம் குடியேறிய நாளில், அவ்வூரின் பெயரே முதலில் நம் உள்ளத்தை ஈர்த்தது. தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என ஊர்கள் பல இச்சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. ஓர் ஏரி நிறைந்தால் அதன் மிகுநீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரியைச் சென்றடையுமாறு நம் முன்னோர் கால்வாய்களை அமைத்திருந்தனர். நீர் வரும் வழி தூர்ந்தால் ஏரி வறளும். நீர் போகும் வழி அடைபட்டால் கரை உடையும். ஏரியின் இவ்வியல்பு கல்விக்கும் பொருந்தும் என்பதை இவ்வூரில் வாழ்ந்தே நாம் கற்றுக்கொண்டோம். அவ்வாறு கற்பித்தவள் ஒரு பள்ளிச் சிறுமி. அவளைப் பற்றியும், அவள் பொருட்டு நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இம்மலரில் எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

பூந்தமல்லி செல்லும் பெருஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், பெண்கல்வி இந்நாட்டில் எவ்வளவு தொலைவு நடந்து வந்துள்ளது என்பது விளங்கும். இரட்டைச் சடை பின்னியவர்களும் முக்காடு அணிந்தவர்களுமாகப் பெண்பிள்ளைகள் பேருந்துக்காகக் காத்து நிற்பர். நம் தெருவில் சில வீடுகளின் தலைவர்கள் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு உலகப் படம் பாடநூலில் தொடங்கவில்லை. ரியாத்தில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியே பொழுது விடியும் என்பதும், ரியாலின் மதிப்பு ஏறினால் வீட்டில் எது நடக்கும் என்பதும் அவர்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். ஆயினும் அவ்வுலகத் தொடர்பு பணமாகவும் பேரீச்சம்பழமாகவும் வீட்டிற்குள் வந்ததே அன்றி, அறிவாக வந்ததில்லை.

அத்தகைய வீடொன்றின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பயிலும் பெண்கள் பள்ளிக்கு வெளிநாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இரு பள்ளி மாணவியரும் வாரம் ஒருமுறை கணினித் திரை வழியே சந்தித்துத் தத்தம் ஊரின் நீர்நிலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பெற்றோரின் கையொப்பம் வேண்டி ஒரு படிவம் கொடுத்தனுப்பினர். அதனை எடுத்துக்கொண்டு அவளுடைய தாயார் நம் வீட்டிற்கு வந்தார்.

"நீங்க காலேஜ்ல பாடம் நடத்துறவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க அத்தாவும் சரின்னுடுவாங்க" என்றார்.

நாம் சற்றும் எண்ணிப் பாராமல் விடை கூறினோம். தேர்வு நெருங்குகிறது, முன்பின் அறியாதவர்களோடு பேச்சு எதற்கு, பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அத்தாய் தலையசைத்துச் சென்றார். படிவம் கையொப்பம் இன்றியே பள்ளிக்குத் திரும்பியது.

தேர்வு முடிந்தபின் அச்சிறுமி ஒரு நூலை இரவல் பெற வந்தாள். அந்தச் சந்திப்புகள் எவ்வாறு நடந்தன என்று வினவினோம். "எங்க ஊர்த் தண்ணீர் எங்கேயிருந்து வருது, எங்கே போகுதுன்னு அந்தப் பிள்ளைங்க கேட்டாங்களாம். எங்க வகுப்புல யாருக்கும் பதில் தெரியலையாம்" என்றாள். பின்னர்த் தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியும் டீச்சர். எங்க நன்னிமா சொல்லியிருக்காங்க" என்றாள். வாய்க்கால் எந்த வழியாக ஓடியது, எந்த இடத்தில் வீடுகள் எழுந்து அது மறைந்தது என்பதையெல்லாம் பாட்டியார் அவளுக்குக் கூறியிருக்கிறார். அவளிடம் விடை இருந்தது. அதனைக் கேட்க உலகின் மறுபுறத்தில் ஆள் இருந்தது. இடையில் மதகை அடைத்தவர் நாம்.

உலகத் தொடர்பு என்றால் நம் பிள்ளைகள் எங்கோ சென்று எதையோ பெற்று வருவது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அவர்களிடமிருந்து உலகம் பெறத்தக்கது ஒன்று உண்டு என்பது நம் நினைவில் எழவே இல்லை. அவ்வுறுத்தலோடு சில நூல்களைப் புரட்டியபோது, நம் ஊருக்கு மிக அருகிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பெருமாட்டியின் வரலாறு நமக்குத் தெரியவந்தது.

ஐயப்பன்தாங்கலிலிருந்து போரூர் வழியே சில கிலோமீட்டர் சென்றால் மதுரவாயல். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் களஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. தம் இறுதிக் காலத்தில் அவ்விடத்தில் தங்கி, 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறையும் வரை ஆய்வுசெய்து வந்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்த இவர், சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஆற்றினார். அங்கிருந்து அவரை உலகிற்கு அழைத்துச் சென்றது ஓர் உதவித்தொகை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்த லெவி பார்பர் என்பவர் ஆசிய நாடுகளுக்குச் சென்றிருந்தபோது, தம் பல்கலைக்கழகத்தில் பயின்ற கீழ்த்திசைப் பெண்கள் தாயகம் திரும்பி மருத்துவத் தொண்டு புரிவதைக் கண்டார். அக்காட்சியே 1917இல் ஆசியப் பெண்களுக்கென ஓர் உதவித்தொகையை அவர் நிறுவக் காரணமாயிற்று. வருபவர்கள் கற்று, தம் நாட்டிற்குத் திரும்பி, தாம் கண்ட நல்லதைத் தம் மக்களுக்கு அளிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்நிதியின் துணையால் மிச்சிகனில் பயின்ற ஜானகி அம்மாள், 1931இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பு இனப்பெருக்க ஆய்வில் ஈடுபட்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, அறிஞர் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூலை 1945இல் வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். முதுமையிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க நடந்த இயக்கத்தில் குரல் கொடுத்தார். இத்தனையும் முடித்து அவர் வந்தமர்ந்த இடம் மதுரவாயல். நாம் அவ்வழியே எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருக்கிறோம். ஒருமுறையேனும் அவரை நினைத்ததில்லை.

அயல்நாடு சென்று பயின்றவரின் வரலாறு இது. இல்லத்தை விட்டு வெளியேறவே இயலாத பெண்ணுக்கு உலகம் எட்டுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு வங்கத்து முஸ்லிம் பெண்மணி பேகம் ரொக்கையாவின் வாழ்வே விடை. 1880இல் பிறந்த அவருக்குப் பள்ளி செல்லும் வாய்ப்பு இல்லை. வீட்டார் உறங்கிய பின்னர் மெழுகுவத்தி ஒளியில் தமையனிடம் ஆங்கிலம் கற்றார். பெண்கள் ஆளும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அந்நாட்டுப் பெண்கள் பல்கலைக்கழகங்களை நிறுவி, முகிலிலிருந்து நீரை இறக்குகின்றனர்; கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்கின்றனர். அக்கதை முதலில் வெளியானது நம் சென்னையில் என்பது பலர் அறியாத செய்தி. கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் மகளிர் இதழ் 1905இல் அதனை வெளியிட்டது. திரைக்குப் பின் வாழ்ந்த வங்கப் பெண்ணின் எழுத்துக்குச் சென்னைக் கிறித்தவப் பெண் ஒருவர் வாயில் திறந்தார். ரொக்கையா அத்துடன் நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். அவர்களுடைய தயக்கத்தை மதித்துத் திரையிட்ட வண்டியில் பிள்ளைகளை அழைத்து வந்தார். தயங்கும் பெற்றோரை இகழாமல், அத்தயக்கத்திற்குரிய விடையைத் தேடித் தந்த அவருடைய அணுகுமுறை இன்றும் நமக்குப் பாடமாகும். நம் சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் எழுந்த மகளிர் கல்லூரியும், அத்தகைய எத்தனையோ வீடுகளின் தயக்கத்தைத் தீர்த்து வைத்தது.

இக்காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. நாட்டு விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டி, 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் பங்களிப்போடு 'ஆசாதிசாட்' என்னும் சிறு செயற்கைக்கோளைச் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம் உருவாக்கியது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவியரும் அவர்களுள் இருந்தனர். 2022 ஆகஸ்டு 7ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அக்கோள் உரிய சுற்றுப்பாதையை அடையாமல் வீணாயிற்று. ஆனால் முயற்சி அத்துடன் முடியவில்லை. 2023 பிப்ரவரி 10இல் இரண்டாம் ஆசாதிசாட் வெற்றியுடன் விண்ணில் நிலைபெற்றது. அப்பிள்ளைகள் தம் வகுப்பறையிலேயே இருந்தனர். அவர்களுடைய கைவினை உலகைச் சுற்றி வந்தது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் நம் பிழையைத் திருத்தும் வாய்ப்புக்காகக் காத்திருந்தோம். இறையருளால் மறு ஆண்டே அவ்வழைப்பு மீண்டும் வந்தது. இம்முறை நாமே அவ்வீட்டிற்குச் சென்றோம். ரியாத்திலிருந்த தந்தையாரோடு தொலைபேசியில் பேசினோம். அவர் மறுத்துரைக்கவில்லை, மூன்று வினாக்களை எழுப்பினார். பிள்ளைகள் பேசும்போது அருகில் யார் இருப்பர்? மகளின் படம் எங்கே போகும்? படிப்பு கெடாதா? மூன்றும் நேர்மையான வினாக்கள். ஓராண்டுக்கு முன் நாம் இவ்வினாக்களைப் பள்ளியிடம் கேட்டிருந்தால், அவசரமாக ஒரு மறுப்பைச் சொல்லியிருக்க மாட்டோம். பள்ளிக்குச் சென்று கேட்டறிந்தோம். ஆசிரியை ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை அறையிலேயே இருப்பார். தனிப்பட்ட படமோ தொலைபேசி எண்ணோ பகிரப்படாது. வாரத்தில் ஒரு மணி நேரமே ஒதுக்கப்படும் என்றனர். "அப்படின்னா போகட்டும் டீச்சர். நான் பார்க்காத ஊரையெல்லாம் அவ பார்க்கட்டும்" என்றார் அத்தந்தை.

முதல் நாளில் அவளுக்கு ஆங்கிலம் தடுமாறியது. சொல் கிடைக்காத இடத்தில் தாளில் ஏரியையும் கால்வாயையும் வரைந்து காட்டினாளாம். அயல்நாட்டு மாணவி ஒருத்தி, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரம் 2019 கோடையில் குடிநீருக்கு வரிசையில் நின்றது எப்படி என்று கேட்டிருக்கிறாள். நீர் தங்கும் இடத்தையும் போகும் வழியையும் அடைத்துவிட்டால் இரண்டும் நேரும் என்று நம் பிள்ளை விடை கூறினாள். பின்னர், "உங்கள் ஊர் ஏரியைக் காப்பவர் யார்?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது, அங்கிருந்தவர்களுக்கு உடனே விடை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர்கள் தேடிப் படித்துக்கொண்டு வந்தனர். தான் எழுப்பிய ஒரு வினா கடல்கடந்த வகுப்பறையைப் படிக்கச் செய்தது என்னும் மகிழ்ச்சியை அவள் முகத்தில் நாம் கண்டோம்.

இத்தகைய வாய்ப்புகளுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை என்பதே நாம் கண்ட உண்மை. ஒரு கணினி, பொறுப்புள்ள ஓர் ஆசிரியை, பெற்றோரின் வினாக்களுக்குப் பொறுமையான விடை ஆகிய மூன்றும் போதும். ஆங்கிலம் அறியாமை குற்றமாகாது. முதலில் தமிழில் தெளிவாக எண்ணக் கற்ற பிள்ளை, பிறமொழியில் தட்டுத் தடுமாறியேனும் தன் கருத்தை உரைத்துவிடும். பாட்டியாரிடம் ஊர்க்கதை கேட்பதும், கிணற்றின் ஆழத்தை அளந்து குறிப்பதும் உலகத் தொடர்புக்கான ஆயத்தமே. தன் ஊரை அறியாதவள் உலகின் முன் நின்று எதனைச் சொல்வாள்? ஓதுதலைக் கொண்டு தொடங்கிய திருமறையை உடைய நமக்கு, பெண்பிள்ளையின் கல்விவழியை அடைத்து நிற்க எவ்வுரிமையும் இல்லை.

ஒரு செய்தியைச் சொல்லாமல் முடிக்க நம் மனம் ஒப்பவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அவ்வகுப்பில் ஒரு மாணவியின் படிவம் கையொப்பம் இன்றியே திரும்பியது. அவளுடைய பெற்றோர் யாரிடம் அறிவுரை கேட்டனரோ, நாம் அறியோம். கல்லூரியில் பயிலும் மாணவ மணிகளே, நாளை உங்கள் தெருவிலும் ஒரு தாய் கையில் படிவத்தோடு உங்கள் வாயிலில் வந்து நிற்கக்கூடும். படித்தவர் என்று நம்பி வருபவருக்கு அவசரத்தில் விடை கூறிவிடாதீர்கள். அப்பிள்ளையை அழைத்து, அவளுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். நாம் செய்யத் தவறிய அதனை நீங்கள் செய்ய, எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவானாக.