உச்சி வெயிலில் காஞ்சனை வீடு

“இந்த வீட்டுக்கு எந்தப் பேய் வரும்?” என்று அப்பத்தா கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பதினொரு நாள் வேலை அது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ கதைக்காகக் கணினியில் வரைந்து முடித்திருந்தேன். மேலே நிலா, இடப்பக்கம் இலையுதிர்ந்த மரம், காரை பெயர்ந்த இரண்டடுக்கு பங்களா, உடைந்த ஜன்னல், போதாததற்குப் படியில் ஒரு பூனை. அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கருகில் குனிந்தாள். “ஏஞ்சாமி, ஆளில்லாத வீட்டுல அதுக்கு என்ன சோலி? சோறு வேகுற வீட்டுக்குத்தான வரும்?”

அவள் காஞ்சனையைப் படித்ததில்லை. நான் ஏழெட்டு முறை படித்தவன்.

1943-ல் வெளிவந்த அந்தக் கதையில் பாழடைந்த பங்களா எதுவும் கிடையாது. ஒரு எழுத்தாளன், அவன் மனைவி, அவர்கள் குடித்தனம். வாசலுக்குப் பிச்சை கேட்டுக் காஞ்சனை என்ற ஒருத்தி வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு நாற்றம் வருகிறது. வீட்டைப் பற்றி ஆசிரியர் அதிகம் சொல்வதே இல்லை. அந்தக் காலியிடத்தில் நான் கொண்டுபோய் வைத்தது சினிமா பங்களாவை. 1963-ல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த ஜமீன் மாளிகை, 1966-ல் வந்த ‘யார் நீ?’, பிறகு ‘சந்திரமுகி’ என்று வழிவழியாக வந்த பங்களா. பேய் வீடு என்றாலே கை தானாக அங்கே போய்விடுகிறது. ஸ்டைலஸ் பிடித்த கையும் கைதான்.

அந்தப் படம் அச்சிலும் ஒரு முறை மானத்தை வாங்கியது. ஒரு சிறு பத்திரிகைக்காகச் சோதனைப் பிரதி எடுத்தபோது பூனை, படி, ஜன்னல் எல்லாம் ஒரே தார்க் குழம்பாக வந்தது. குற்றம் அச்சகத்தின் மேல் இல்லை. திரையில் கருப்புக்குள் கருப்பாக ஏழெட்டுச் சாயல் தெரியும்; ஒளி பின்னாலிருந்து வருகிறது. காகிதத்துக்கு அந்த வசதி இல்லை. நான்கு மைகளின் அளவும் சேர்ந்து வழவழப்பான தாளில் 300 விழுக்காடு, செய்தித்தாள் காகிதத்தில் 240 என்ற கணக்கைத் தாண்டினால் மை காயாது, ஊறும், பரவும். நான் அதற்கு மேல் கொட்டியிருந்தேன்.

ஆக, பூனையைக் கொன்றேன். நிலாவை அணைத்தேன். புதுக் கோப்பு திறந்தேன். அகலம் 6000 பிக்சல், உயரம் 4000. எப்போதும்போலக் கிரிட்டா மென்பொருள். காசில்லாமல் கிடைப்பதால் தொடங்கியது, இப்போது வேறெதுவும் கைக்கு ஒட்டவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கதை நடப்பது திண்டுக்கல்லில் இல்லை. ஆனால் குடித்தனம் நடக்கும் பழைய வீடு என்றால் எனக்குத் தெரிந்தது இந்த ஊர் வீடுதான். கோயில்களைப் புகைப்படம் பார்த்து வரையாமல் அந்தந்த ஊருக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர் ஓவியர் சில்பி. அவர் பெயரை நினைத்துக்கொண்டு ஒரு நோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளில் தொடங்கி, ஊருக்கு வெளியே பழனி சாலைப் பக்கம் பிரியும் மண் பாதைகள் வரை நான்கு நாள் அலைந்தேன். திண்டு மாதிரிக் கிடக்கும் அந்த மொட்டைப் பாறை எங்கிருந்து பார்த்தாலும் முதுகுக்குப் பின்னால் நிற்கும். சித்திரை பிறந்த வாரம். வேலை முடிந்து புறப்பட்டால் பன்னிரண்டு மணி ஆகிவிடும். அந்த நேரம்தான் எனக்குக் கிடைத்தது. வெயிலுக்குப் பயந்திருந்தால் இந்தப் படம் வந்திருக்காது.

உச்சி வேளையில் தனியே வெளியே போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். பகலில் எதற்குப் பயம் என்று யாரும் விளக்கவில்லை. அன்றைக்கு ஒரு சீமை ஓட்டு வீட்டுக்கு எதிரே, வேலியோரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது.

நிழல் இல்லை. மின்கம்பத்துக்கு இல்லை, கிணற்றுத் தூணுக்கு இல்லை, எனக்கும் இல்லை. திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தரை பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அதுவும் கடிகாரப் பன்னிரண்டுக்கு இல்லை. இந்திய நேரம் கணக்கிடப்படும் கோட்டுக்கு நாம் மேற்கே தள்ளி இருப்பதால், சித்திரையில் பன்னிரண்டேகால் தாண்டித்தான் உச்சி. பேய்க்கு நிழல் விழாது என்பார்களே, அந்தச் சில நிமிடம் ஊருக்கே விழாது.

அதைவிட விசித்திரம் வீட்டுச் சுவரில் நடந்தது. ஓடு சுவரைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சூரியன் நேர் மேலே இருந்ததால் அந்த ஒரு முழமே முழுச் சுவரையும் மறைத்துவிட்டது. ஊரெல்லாம் வெயில் கொளுத்த, வீட்டின் முகத்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை. ஆனாலும் சுவர் இருட்டாக இல்லை. வெளிச்சம் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் வாசல் வெயிலை வாங்கி அப்படியே சுவர்மேல் துப்பியது. சுவரின் அடி பிரகாசமாக, மேலே போகப்போக மங்கலாக. ஜன்னல் நிலையின் மேற்கட்டைக்கு அடிப்பக்கம் ஒளி, கீழ்க்கட்டையின் மேற்பக்கம் நிழல். ஓட்டுச் சட்டங்களின் வயிற்றில் சிவப்பு. சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச்சைத் தாடைக்கு அடியில் பிடித்துத் தங்கச்சியை அழவைத்திருக்கிறேன். அந்த வீட்டைச் சூரியன் அப்படிப் பிடித்திருந்தான்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1925-ல் ரயில் பாதையோரம் நிற்கும் ஒரு வீட்டைத் தீட்டினார். நல்ல வெயிலில் நிற்கும் வீடு. ஆனால் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஹிட்ச்காக் 1960-ல் ‘சைக்கோ’ எடுத்தபோது அதில் வரும் குன்றுமேல் வீட்டுக்கு அதுதான் மூலம். ஹாப்பரின் ஓவியத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வந்தும், வெயிலில் எப்படிப் பயம் வரும் என்பது எனக்குப் பிடிபடாமலே இருந்தது. ஹாப்பருக்குச் சாய்ந்த வெயில் உதவியது. நமக்கு நேர் வெயில்.

வீட்டுக்கு வந்ததும் வண்ணத்தைத் தொடவில்லை. கட்டைவிரல் நகம் அளவில் இருபத்துமூன்று சின்னப் படங்கள் போட்டேன். வெள்ளை, சாம்பல், கருப்பு மூன்றே நிறம். வாசல்தான் வெள்ளை. சுவரும் ஓடும் சாம்பல். கருப்பு ஒரே இடத்தில், ஜன்னலுக்குள். இருபத்தோராவதில்தான் அது வீடாக நின்றது. அதற்குப் பிறகு போட்ட இரண்டும் என் பிடிவாதம்.

பிறகு நிழலின் நிறம். நிழல் என்றால் நீலம் கலந்திருக்கும், வானம் அங்கே எட்டிப் பார்ப்பதால், என்று பாடம் சொல்வார்கள். இங்கே வானத்தை ஓடு மறைத்துவிட்டது. எட்டிப் பார்ப்பது மண். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின்மேல் செம்மண்ணின் ஒளி படிந்தால் வரும் நிறத்துக்கு எந்த வண்ணப் பெட்டியிலும் பெயர் இல்லை. கறி கழுவிய தண்ணீரின் நிறம் என்று நான் வைத்துக்கொண்டேன். கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை அடுக்கு ஒன்றில் மொத்தச் சுவரையும் அந்த நிறத்தில் தாழ்த்தி, மேலே தனி அடுக்கில் அடியிலிருந்து ஒளியை ஏற்றினேன். பழகிய கை அந்த இடத்தில் மறுபடி மறுபடி தவறியது. மேலே வெளிச்சம், கீழே இருட்டு என்றே அது போகும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு ஓட்டு விளிம்புக்கும் நின்று யோசித்துத் தலைகீழாக வைக்க வேண்டியிருந்தது. ஆறு நாள் அதிலேயே போயிற்று. ஜன்னலுக்குள் இருக்கும் கருப்பைக்கூடச் சுத்தக் கருப்பாக விடவில்லை. அடுப்புக்கரியில் துளி காவி கலந்ததுபோல. அச்சுக்கும் அது தாங்கும்.

வாடையை எப்படி வரைவது? கதையின் உயிரே அந்த நாற்றத்தில்தான் இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு நாற்றம் புதிதில்லை. காற்று திரும்பினால் வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளிப்போம், வாத்தியார் உட்பட. பிறகு பழகிவிடும், பாடம் நடக்கும். அந்தப் பழகிப்போவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஈக்களை வரைந்தேன், அழித்தேன். ஈ என்றால் குப்பை, அவ்வளவே. கடைசியில் திண்ணைத் தூணின் விரிசலில் ஊதுவத்திக் குச்சிகள் செருகினேன். ஒன்று எரிகிறது. எரிந்து முடிந்த பழைய குச்சிகள் முப்பது நாற்பது அங்கேயே கொத்தாக நிற்கின்றன. எத்தனை நாளாக இந்த வீட்டில் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

கொடியில் ஒரு சின்னாளபட்டி சுங்குடி. காற்றில்லாத உச்சிப்பொழுது, ஆகையால் நேராகத் தொங்கும்.

பூட்டில்தான் மாட்டிக்கொண்டேன். வெளியே பூட்டு தொங்குகிறது, உள்ளே அடுப்புப் புகை வருகிறது என்று ஒரு யோசனை. திண்டுக்கல்காரன் பேய் வீடு வரைந்து பூட்டு இல்லாமலா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டாயிற்றே. மாங்காய்ப் பூட்டு ஒன்றை ஆசையாக வரைந்து, பூட்டுப் பட்டறையில் காலம் கழித்த தெருக்கார மாமா ஒருவரிடம் காட்டினேன். வீட்டை அவர் பார்க்கவே இல்லை. “மாப்ள, இது அலிகார் பூட்டுல்ல? நம்ம பூட்டுக்கு வயிறு இப்படியா இருக்கும்?” என்று பெரிதாக்கச் சொல்லி, பித்தளைத் தகட்டின் மடிப்பு, சாவித் துளையின் மூடி எல்லாவற்றையும் அரைமணி நேரம் திருத்தினார். திருத்திய பூட்டு பிரமாதமாக வந்தது. பார்க்கிற எல்லாருடைய கண்ணும் அங்கேயே நின்றது. அதனாலேயே அதை எடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் தெரிந்தால் பயம் போய்விடும். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காஞ்சனையையும் வரைந்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால், தோளும் பாதிக் கழுத்தும் மட்டும். அவளுக்காகக் கம்பிகளின் உட்பக்க விளிம்பில் மெல்லிய ஒளியும் தீட்டினேன். இரண்டு நாள் அவளோடு மல்லுக்கட்டினேன். முகத்தைத் திருப்பினேன், மங்கலாக்கினேன், கூந்தலை இறக்கினேன். எப்படிச் செய்தாலும் அவள் வந்ததும் வீடு சும்மா வீடாகிவிடுகிறது. அந்த அடுக்கின் பக்கத்தில் உள்ள கண் படத்தைத் தட்டி மூடினேன். அவள் மறைந்தாள். கம்பியில் தீட்டிய ஒளி வேறு அடுக்கில் இருந்ததால் அப்படியே நின்றது. அழிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக வாசல். வெள்ளையாய்ப் பரந்து கிடந்த அந்தச் செம்மண் தரை வெறுமையாக இருந்தது. கோலம் போட்டுப் பார்த்தேன், அழகாகிவிட்டது. கதையில் அவள் வேலைக்காரியாக வந்தவள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீமாறு இழுத்த தடங்களை அரைவட்டம் அரைவட்டமாகத் தெருவோரத்திலிருந்து நிலைப்படி வரை போட்டேன். எங்கும் காலடி இல்லை.

சோதனைப் பிரதி இந்த முறை தெளிவாக வந்தது. அப்பத்தாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்காகத் திண்ணைக்கு எடுத்துப்போய் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்க்கிறாளா, ஊதுவத்தியைப் பார்க்கிறாளா என்று நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் வாசலைத் தடவினாள்.

“இந்நேரத்துல எவ வாசல் கூட்டுறா?” என்றாள். பிறகு படத்தைக் குப்புறக் கவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.