தீச்சா, நீங்கள் எந்த ஊர்?

தாய்லாந்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறோம் என்று சொன்னால் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். “அங்க பாம்பு, பூச்சியெல்லாம் சாப்பிடுவினமாமே?” என்பது முதலாவது. “அந்த வேலைக்கு வெள்ளைக்காரரைத்தானே எடுப்பினம், உங்களுக்கு ஆர் தந்தது?” என்பது இரண்டாவது. முதலாவதுக்குச் சிரித்துச் சமாளிக்கலாம். இரண்டாவது எங்களோடு பிளேன் ஏறி இங்கேயும் வந்துவிட்டது.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருத்தி சாவகச்சேரி, மற்றவள் ஹட்டன். கம்பஸில் ஒரே பட்ச். இப்போது நக்கோன் பதோம் என்ற ஊரில், ஒரே பாடசாலையில் வேலை, ஒரே வாடகை அறை, ஒரே ரைஸ் குக்கர். பாங்கொக்கிலிருந்து மேற்குப் பக்கம் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். ஊரின் நடுவில் செம்மஞ்சள் ஓடு போர்த்த ஒரு பெரிய தாதுகோபம் நிற்கிறது. 120 மீற்றர் உயரம். வழி தவறினால் அண்ணாந்து பார்த்தால் போதும், அறைக்கு வந்துவிடலாம்.

காலை எட்டு மணிக்கு நாடு முழுக்கத் தேசிய கீதம். ரயில் ஸ்ரேஷனில் நின்றாலும் அசையாமல் நிற்க வேணும். திங்கட்கிழமை மஞ்சள் உடுப்பு, ஏனென்றால் மன்னர் பிறந்த கிழமை அது. 2025ஆம் வருசத்தைக் கரும்பலகையில் 2568 என்று எழுதினோம். இலங்கையில் புத்த ஜெயந்தியை 1956இல் கொண்டாடினார்கள், இங்கே 1957இல். ஒரே புத்தருக்கு ஒரு வருசக் கணக்கு வித்தியாசம். இதைப் பற்றி இரண்டு நாட்டுக்காரரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை, நல்ல விசயம்.

வகுப்புக்குள் போனால் நாற்பது பிள்ளைகளும் எழும்பி, கை கூப்பி, ஒரே ராகத்தில் “குட் மோர்னிங் தீச்சா” என்பார்கள். ரீச்சர் என்பது அவர்கள் வாயில் தீச்சா. எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும், வீட்டில் வைத்தது. பேங்க், கோல்ஃப், மின்ற், பியர். “பியர், கதைக்காமல் இரு” என்று முதல் நாள் சொன்னபோது எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாய் மொழியில் சொல்லின் கடைசியில் ‘ல்’ வந்தால் ‘ன்’ ஆகிவிடும், ‘ஸ்’ வந்தால் நின்றுவிடும். அதனால் ஃபுட்போல் ‘ஃபுட்பொன்’, ஸ்கூல் ‘சகூன்’. நாங்கள் கெட்டிக்காரர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அதே சொல்லுக்கு முன்னால் ஒரு ‘இ’ போட்டு ‘இஸ்கூல்’ என்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஒன்று கூடுகிறது, எங்களுக்கு முன்னால். இதைப் பலகையில் எழுதிக் காட்டின நாளில்தான் பிள்ளைகள் பயமில்லாமல் வாய் திறக்கத் தொடங்கினார்கள். ரீச்சரின் ஊர்க்காரருக்கும் அந்தச் சொல் சறுக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ‘வாய் க்ரூ’ நடந்தது. ஆசிரியருக்கு வணக்கம் செலுத்தும் நாள். க்ரூ என்பது குருதான், வியாழன் குருவின் கிழமைதான். பிள்ளைகள் முழங்காலில் வந்து பூத்தட்டைத் தந்தார்கள். தட்டில் கத்தரிப்பூ, நாங்கள் எக்சோரா என்று சொல்லுற வெட்சிப்பூ, கூடவே அறுகம்புல். அறுகம்புல்லைக் கண்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிள்ளையாருக்கு வைக்கிற புல்லை எங்களுக்கு வைக்கிறார்கள். வெட்டினாலும் வேகமாய்ப் பரவும் புல், படிப்பும் அப்படிப் பரவ வேணுமாம். கத்தரிப்பூ தலை குனிந்திருப்பது பணிவுக்கு.

இவ்வளவு மரியாதை தருகிற இடத்தில்தான் மற்றக் கதையும் நடந்தது. இங்கே இங்கிலீஷ் ரீச்சர்மாரில் இரண்டு சாதி. ஒன்று ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்போர்ட்: பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா மாதிரிச் சில நாடுகள். மற்றது நாங்கள், பிலிப்பைன்ஸ்காரர், கமரூன்காரர், இந்தியர். எங்களிடம் டோயிக் சோதனைப் புள்ளி கேட்டார்கள், 990க்கு 600 ஆவது வேணும். இரண்டு பேரும் 900 தாண்டியிருந்தோம். ஆனால் சம்பளம் பேசும்போது அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படிப்பித்த அனுபவமே இல்லாமல் ஊர் சுற்ற வந்து, ஒரு வருசம் வேலை செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு எங்களைவிட ஒன்றரை மடங்கு. அவன் நல்ல பெடியன், எங்களோடு சோறும் சம்பலும் சாப்பிட்டவன். அவனில் எங்களுக்குக் கோபமில்லை. பக்கத்து மேசையில் இருக்கிற பிலிப்பைன்ஸ் அக்காவுக்கு ஒன்பது வருச அனுபவம். அவ இதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. காலையில் வந்தால் கொப்பி திருத்தத் தொடங்கிவிடுவா. அதுதான் எங்களை இன்னும் கடுப்பாக்கும்.

பெற்றோர் வருகிற நாளுக்கு முதல் எங்களை வேலைக்கு எடுத்த ஏஜென்சியிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். நல்ல மரியாதையான ஆள். “ஊரை ஆரும் கேட்டால் சும்மா சிரித்துவிட்டுப் பாடத்தைப் பற்றிக் கதையுங்கள். பிரிட்டிஷ் முறையில் படித்தவர்கள் என்று சொன்னால் இன்னும் நல்லது” என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லாமல் இருக்கச் சொன்னார். அன்று இரவு அறையில் கனநேரம் இதைத்தான் கதைத்தோம். ஹட்டன்காரி சொன்னாள்: “கொழும்பில ஊரைக் கேட்டா யோசிச்சுப் பதில் சொல்லிப் பழகிட்டோம். இங்கயுமா?”

அடுத்த நாள் ஒரு தாய் கேட்டா. நாங்கள் “சிலங்கா” என்றோம். இலங்கையை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். அவவின் மகள், பன்னிரண்டு வயது, கண்ணை விரித்து “தொட்சகான்!” என்று கத்தினாள். தொட்சகான் என்றால் இராவணன். தாய்லாந்து இராமாயணமான ராமகியனில் அவன் பச்சை நிறம், பத்து முகம். பாங்கொக் ஏர்போட்டில்கூட ஆளுயரத்தையும் தாண்டிக் காவலுக்கு நிற்கிறான். அன்றிலிருந்து நாங்கள் இராவணன் ஊர் ரீச்சர்மார். ஒரு பெற்றோரும் முறைப்பாடு செய்யவில்லை. சம்பளமும் கூடவில்லை, அதையும் சொல்ல வேணும்.

சனி ஞாயிறுதான் எங்களுடைய நாட்கள். முதல் மாதம் தூங்கினோம், உடுப்புத் தோய்த்தோம், சந்தையில் காவ் லாம் வாங்கிச் சாப்பிட்டோம். மூங்கில் குழலுக்குள் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டுச் சுட்டது, இந்த ஊரில் பேர்போனது. குழலைக் கண்டுவிட்டுப் பிட்டு என்று நினைத்து வாங்கினால் இனிப்பாக இருக்கும், கவனம். பிறகு ஊர் சுற்றத் தொடங்கினோம். அயுத்தயாவுக்குப் போனோம். 1753இல் அங்கிருந்துதான் உபாலி தேரர் கண்டிக்கு வந்து பிக்குகளுக்கு உபசம்பதா கொடுத்தார். எங்கள் நாட்டுச் சியாம் நிகாயவின் பெயர் அப்படி வந்தது. வெயில்தான் தாங்க ஏலாது. சைக்கிள் எடுத்துச் சுற்றுகிறவர்கள் தொப்பி கொண்டு போகவும்.

பாங்கொக் சீலோமில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1870களில் தமிழர்கள் கட்டியது. இங்குள்ளவர்கள் அதை ‘வாட் கேக்’ என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி. அதே சொல்லைத்தான் இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் அரபிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். தெருவில் எங்களைப் பார்த்தும் சொல்லுவார்கள். சில நேரம் அது வெறும் அடையாளம், சில நேரம் மூக்கைச் சுழித்துக்கொண்டு வரும். சொல்லைவிட முகத்தைத்தான் பார்க்க வேணும். கோயிலுக்குள் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துச் சனங்கள். எங்களைவிட முறையாகத் தட்டு வைத்துக் கும்பிட்டார்கள்.

காஞ்சனபுரிக்கு நாங்கள் திட்டம் போட்டுப் போகவில்லை. எங்கள் ஸ்ரேஷனைத் தாண்டிப் போகிற ரயில், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு, ஃபான் காற்று, வெளிநாட்டவருக்கு ரிக்கற் 100 பாட். அந்தத் தண்டவாளத்தின் மிச்சம்தான் சயாம் மரண ரயில் பாதை. 1942, 43இல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்டது, 415 கிலோமீற்றர்.

ஸ்ரேஷனுக்குக் கிட்ட யுத்தக் கல்லறை. வெட்டின புல், பூச்செடி, ஏறக்குறைய 7,000 கல். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 23. எங்கள் வயதுதான். நடந்து நடந்து வாசித்தோம். துக்கமாய்த்தான் இருந்தது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஹட்டன்காரி, “நம்ம ஆக்கள் எங்க?” என்று கேட்டாள்.

இது யுத்தக் கைதிகளின் கல்லறை. அந்தப் பாதையில் வேலை செய்த கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆனால் மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர் இரண்டு லட்சமளவு. அவர்களில் இறந்தவர்கள் 90,000 என்று ஒரு கணக்கு, அதற்குக் கூட என்றும் சொல்வார்கள், குறைய என்றும் சொல்வார்கள். இவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர் ஏராளம். கொலராவிலும் மலேரியாவிலும் செத்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. கைதிகளுக்கு ஒரு இராணுவமும் பெயர்ப் பட்டியலும் இருந்தன, யுத்தம் முடிய வந்து உடல்களைத் தேடினார்கள். தோட்டத் தொழிலாளரின் பட்டியலை ஆர் தேடப் போகிறார்கள்?

ஹட்டன்காரியின் பூட்டன் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். கங்காணி எந்தத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனானோ அதுதான் ஊர். இந்தப் பக்கம் வந்தவர்கள் தேயிலைக்கு, அந்தப் பக்கம் போனவர்கள் ரப்பருக்கு. அவள் அன்று இதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. சாவகச்சேரிக்காரிக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பெயரில்லாத இறந்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் புதிசில்லை, ஆனால் அவளுக்கு இது வேறு மாதிரித் தைத்தது.

பிறகு பாலத்துக்குப் போனோம். செல்ஃபி, ரீ-சேர்ட் கடை, ஐஸ்கிறீம். எல்லாரும் வருவது ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தால். 1957இல் வந்த அந்தப் படம் இங்கே எடுக்கப்படவே இல்லை. எடுத்தது எங்கள் கித்துல்கலையில், களனி கங்கையில். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் அந்த வழியால்தான் போகும். அவள் சின்ன வயதிலிருந்து கடந்து போன இடம். இன்னொரு வேடிக்கை, பாலம் கட்டினபோது இந்த ஆற்றின் பெயரே வேறு, மே க்லோங். படம் பார்த்துவிட்டுச் சனம் குவாய் ஆற்றைத் தேடி வரத் தொடங்கிய பிறகு, 1960களில், இந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் வைத்தார்கள். ஒரு படத்துக்காக ஆற்றின் பெயரை மாற்ற முடிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் தாவோன் வராராம் என்ற விகாரைக்குப் போனோம். தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடம். தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள், சில வருசங்களுக்கு முன்தான் வந்தது. ரூரிஸ்ட் ஒருவரும் இல்லை, ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. எங்களிடம் பூ இருக்கவில்லை. கேற்றுக்குப் பக்கத்தில் முளைத்திருந்த அறுகம்புல்லைக் கிள்ளி வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினோம்.

திங்கட்கிழமை பாடம் பாஸ்ட் டென்ஸ். ‘லாஸ்ட் வீக்கெண்ட்’ என்று தொடங்கி எல்லாரும் ஒரு வசனம் சொல்ல வேணும். நாங்கள் காஞ்சனபுரி என்றதும் “எரவான் நீர்வீழ்ச்சி!” என்று சத்தம் போட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து போன ஆட்கள் மாதிரியான சனங்கள் ரயில் பாதையில் செத்தார்கள் என்று முடிந்தளவு எளிய இங்கிலீஷில் சொன்னோம். வகுப்பு கொஞ்சம் அமைதியானது. பியர் மட்டும் கை உயர்த்தி, தன் அப்பாவின் பாட்டி அந்த ஊர் என்றான்.

அடுத்த திங்கள் அவன் ஒரு பையில் வாழைப்பழம் கொண்டுவந்தான். பாட்டி கொடுத்துவிட்டது. அவவுக்கு அப்போது ஆறோ ஏழோ வயதாம். மெலிந்த கேக் ஆட்கள் வேலியடிக்கு வந்து நிற்பார்களாம், அவவின் அம்மா சோறும் உப்பும் கொடுப்பாவாம். ஒருநாள் வந்தவர் அடுத்த நாள் வரமாட்டாராம். இவ்வளவையும் பியர் நிகழ்காலத்திலேயே சொன்னான். “தே கம், மை கிராண்மா மதர் கிவ் ரை.” பிறகு, தீச்சாமார் நல்லாய்ச் சாப்பிடுகிறார்களா என்று பாட்டி கேட்கச் சொன்னாவாம்.

ஒக்ரோபர் லீவுக்கு அவவைப் பார்க்கப் போறம். எங்களுக்குத் தெரிந்த தாய்லாந்துப் பாஷை சந்தைக்கும் பஸ்சுக்கும் மட்டும்தான் காணும், பியர்தான் இடையில் நின்று மொழிபெயர்க்க வேணும். அதற்குள் அவனுக்குப் பாஸ்ட் டென்ஸைப் படிப்பித்து முடிக்க வேணும். இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.