ஓய்வு நாளில் ஒரு பாடம்

"பொம்பளை சைக்கிள் விட்டா ஊர்ல மழையா பெய்யப் போவுது?" என்று கேட்டார் என் மாமியார்.

"மழை பெய்யாட்டி என்ன அத்தை, தண்ணி எடுக்கவாவது உதவுமே!" என்றேன். வாய்தான் பேசியது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

1992-ஆம் வருஷம், சித்திரை மாதம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு முந்தின வருஷம்தான் அறிவொளி இயக்கம் தொடங்கியிருந்தது. எழுத்தோடு சைக்கிளும் பழகட்டும் என்று பெண்களை ஊக்குவித்தவர் அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள். அந்த வருஷ மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்களே, அதில் நானும் ஒருத்தி.

அந்தத் தெம்பில், தொண்டர்களாகிய நாங்கள் ஆறு பேர் எட்டு நாள் பயணம் கிளம்பினோம். சம்பளம் கிடையாது. பகலில் சைக்கிள், இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில் வகுப்பு. லேடீஸ் சைக்கிள் எளிதில் கிடைக்காத காலம். நான் எடுத்துப் போனது என் கணவரின் சைக்கிளை. எட்டு நாளும் அவர் வேலைக்கு நடந்தே போனார் பாவம்!

ஆலங்குடி, அறந்தாங்கி என்று சுற்றி, அரிமளம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்தாம் நாள் ஓய்வு. நான் எழுந்திருக்கவே முடியவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. தொடை உரசிப் புண்ணாகி எரிந்தது. பஸ் மேலே சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் தங்கிய வீட்டு அக்கா கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவர். நொச்சித் தழை போட்டு வெந்நீர் காய்ச்சிக் காலில் ஊற்றினார். முதல் நாள் இரவு வகுப்புக்கு அவர் வரவில்லையே என்று எனக்குள் ஒரு குறை. "படிக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஊரணி ஒண்ணரை மைல் ஆத்தா. காலையில மூணு நடை, பொழுது சாஞ்சா ரெண்டு நடை. அப்புறம்தான் அடுப்பே. எந்த மணியை ஒதுக்கச் சொல்றே?" என்றார். பிறகு சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைத் தொட்டுப் பார்த்து, "இதுல ரெண்டு குடம் கட்டலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு நாளாக ஊர் ஊராக, "ஏன் படிக்க வரலை?" என்று அதட்டினேனே! ஒருத்தியிடமாவது "உன் பொழுது எங்கே போகிறது?" என்று கேட்டேனா?

அன்று மாலை வற்றிக் கிடந்த கண்மாயில் அவருக்குச் சைக்கிள் பழக்கினேன். இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கினேன். பெடலைத் தொடாமல் சரிவில் உருளவிட்டேன். "சக்கரத்தைப் பார்க்காதீங்க, தூரத்துப் பனைமரத்தைப் பாருங்க" என்று கத்தினேன். மூன்று தடவை விழுந்தார். முழங்கை சிராய்த்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தார். இருட்டுவதற்குள் பத்துப் பதினைந்து கஜம் தனியாகவே போய்விட்டார்! இரவு வகுப்பில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

மறுநாள் நான் பஸ் ஏறவில்லை.

புதிதாகச் சைக்கிள் பழகும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழகும் வரைதான் சீட் தாழ்வாக இருக்கலாம். பழகிய பின், பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி உயர்த்திவிடுங்கள். பாதி வலி குறையும். வியர்வையை உறிஞ்சும் பருத்தி உடையே நல்லது. தொடை உரசும் இடத்தில் கிளம்புமுன்பே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெயிலில் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ அடிக்கடி குடியுங்கள். ஓய்வு நாளில் தலையணை மேல் காலை உயர்த்திப் படுங்கள். ஓய்வும் பயணத்தில் சேர்ந்ததுதான்.

எட்டாம் நாள் வீடு திரும்பினேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார், கால் வீக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டு, மோர் ஊற்றும்போது மட்டும் கேட்டார்:

"ஏம்மா, பின்னாடி உட்கார்ந்தா ஆள் விழுந்துட மாட்டாங்களே? நாளைக்கு ரேஷன் கடைக்குப் போவணும்."