நல்ல தண்ணி

எங்கள் சமயநல்லூர்ப் பக்கம் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. எது எதுவென்று சொல்பவர்கள் பெண்கள். வாயில் ஊற்றிப் பார்ப்போம். பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, குடத்தில் வெள்ளை படிகிறதா என்று பார்ப்போம். அம்மாக்களிடமிருந்து வந்த இந்த அறிவு உப்பையும் சுண்ணாம்பையும் தப்பாமல் கண்டுபிடித்துவிடும். ஈயத்தையும் ஆர்சனிக்கையும் கண்டுபிடிக்காது. உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் கலந்திருந்தாலும் அவை நாக்குக்குத் தெரிவதில்லை.

இதே நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திண்டுக்கல். அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, உப்பும் குரோமியமுமாக நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பு அதில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்ட ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம்.

அந்தப் பெண்களின் நடை தீர்ப்பில் ஏறியது. அவர்களை நடக்க வைத்தது நாக்கில் கரித்த உப்பு. கரிக்காமல் உலோகம் மட்டும் இறங்கியிருந்தால் அவர்கள் நடந்திருக்க மாட்டார்கள். குடித்திருப்பார்கள்.

குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈயம் ஓர் உதாரணம். உடம்பில் சேரும் ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் கூடவே கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. சிசுவின் மூளை வரை போகிறது. ஒருத்தி சிறுமியாக இருந்தபோது குடித்த தண்ணீர் அவள் பிள்ளையைத் தொடுகிறது. பிள்ளை படிப்பில் பின்தங்கினால் யாரும் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்படுவதில்லை. 'வளர்க்கிற லட்சணம்' என்று அவளைத்தான் சொல்வார்கள்.

கொதிக்கவைத்துக் குடி என்ற அறிவுரையும் அவளுக்குத்தான். கொதித்தால் கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கையில் கொடுக்கும் பெட்டி கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றைச் சொல்லும். ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் ஆய்வகக் கருவி வேண்டும். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமையும், குரோமியம் 0.05 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இதைப் பெட்டியால் அளக்க முடியாது. சோதிக்கும் வேலை நம்மிடம் வந்துவிட்டது, அளக்கும் கருவி வரவில்லை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. பெண்கள் எழுந்து கேட்க வேண்டும்: எங்கள் தண்ணீரைக் கன உலோகங்களுக்காக ஆய்வகத்தில் கடைசியாக என்றைக்குச் சோதித்தீர்கள்? அறிக்கை எங்கே? அதைத் தமிழில் எழுதி, தண்ணீர்த் தொட்டியின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.